சூளைக் கம்ப்யூட்டருக்கு ஒரு யூ.பி.எஸ்.

விருத்தாசலம்
18.2.2004

அன்புள்ள அரசிக்கு,

அண்ணி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் குட்டி சொர்ணாவும் நலமாக இருக்கக் கொளஞ்சியப்பரை வேண்டிக்கொள்கிறேன். பொங்கலுக்குத்தான் எழுதினாள், அதற்குள் இன்னொன்றா என்று பயந்துவிடாதே. மனுஷருக்கு ஒன்றுமில்லை. நோய் கம்ப்யூட்டருக்குத்தான்.

சூளைக் கொட்டகையில் நீ வைத்துவிட்டுப் போனாயே, அந்த லினக்ஸ் பெட்டி. ஐந்து வருஷமாகச் சூளையின் சூட்டை நிமிஷத்துக்கு நிமிஷம் எழுதி, விடிந்ததும் கிராப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. பழைய யூ.பி.எஸ்.ஸின் பேட்டரி தீபாவளிக்கு முன்பே உப்பிப்போயிற்று. "வாங்கிக்கலாம், வாங்கிக்கலாம்" என்று உன் அண்ணன் பெட்டியை நேராகச் சுவரில் செருகிவிட்டார். போன வாரம் சூளை ஆயிரத்து நூறு டிகிரியில் இருக்கும்போது கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் எடுப்பதற்குள் பெட்டி செத்துவிட்டது. திரும்பப் போட்டால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. ஏதோ கேட்கிறது, பதில் சொல்லாவிட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. கிராப் இல்லாமல் நம் பீங்கான் ஃப்யூஸ் கேரியரில் ஒரு லாட்டைக்கூட எடுக்கமாட்டேன் என்கிறார் வாங்குகிறவர்.

உன் அண்ணன் இரண்டு நாள் அதன் முன்னால் உட்கார்ந்து பார்த்தார். மூன்றாம் நாள் சாப்பிடும்போது, "அந்தப் பொட்டிய வெச்சவளுக்குத்தான் தெரியும்" என்றார். பேர் சொல்லவில்லை. ஆனாலும் ஐந்து வருஷத்தில் அவர் வாயால் உன்னைப் பற்றி வந்த முதல் பேச்சு இதுதான்.

"அப்ப எழுதிக் கேக்கட்டுமா?" என்றேன்.

"நான் கேக்கச் சொல்லல."

"கேக்க வேணாம்னும் சொல்லலியே."

அவர் மோர் ஊற்றிக்கொண்டார். அதனால் இந்தக் கடிதத்தை மட்டும் வேலைக்கு வரும் பூவாயியிடம் ஒளித்துக் கொடுத்தனுப்பாமல் நானே தபாலாபீஸ் போய்ப் போடுகிறேன். போன் செய்யலாம்தான். வீட்டு போன் அவர் மேஜைமேல் இருக்கிறது, எஸ்.டி.டி. பூத்தில் நின்று நீ சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ள எனக்குச் சாமர்த்தியம் போதாது. நிதானமாக எழுது. எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

சொர்ணாவுக்கு என் முத்தம்.

உன் அண்ணி,
கமலம்


கோயம்புத்தூர்
23.2.2004

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. "வெச்சவளுக்குத்தான் தெரியும்" என்ற வரியை ஜெயராஜுக்கும் படித்துக் காட்டினேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அடுக்களைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

முதலில் வைத்தியம். எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனதால் பெட்டியின் பதிவேடு கலைந்திருக்கிறது. அதைச் சரிசெய்யப் பாஸ்வேர்டு கேட்கிறது. தட்ட வேண்டியதெல்லாம் தனித் துண்டுத்தாளில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன். பாஸ்வேர்டைத் தட்டும்போது திரையில் ஒன்றும் தெரியாது, பயப்படாமல் தட்டவேண்டும். பாஸ்வேர்டு 'மண்ணாங்கட்டி'. எல்லாம் இங்கிலீஷ் சின்ன எழுத்து, நடுவில் இடைவெளி கிடையாது. ஸ்பெல்லிங்கும் தாளில் இருக்கிறது.

அடுத்து, உடனே யூ.பி.எஸ். வாங்குங்கள். ஆனால் கடைக்காரர் தூக்கிக் கொடுப்பதை வாங்கிவிடாதீர்கள். பேட்டரி எத்தனை நிமிஷம் நிற்கும் என்பதைத்தான் எல்லோரும் கேட்பார்கள். நமக்கு அது இரண்டாவது. சூளை பதினெட்டு மணி நேரம் எரிகிறது, எந்தப் பேட்டரி அத்தனை நேரம் நிற்கும்? பேட்டரி தீரப்போகும்போது யூ.பி.எஸ். கம்ப்யூட்டரிடம் சொல்லவேண்டும். கம்ப்யூட்டர் எழுதிக்கொண்டிருப்பதை முடித்து, மூடி வைத்துவிட்டு, தானாக அணையவேண்டும். அதற்கு யூ.பி.எஸ்.ஸின் முதுகில் பிளக் ஓட்டைகள் தவிர ஒரு கேபிள் செருகும் இடம் இருக்கவேண்டும். அது இல்லாதது எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

கேபிள் இருந்தால் மட்டும் போதாது. யூ.பி.எஸ்.ஸோடு வரும் சிடி எல்லாம் விண்டோஸுக்குத்தான் இருக்கும். லினக்ஸுக்கு 'நட்' என்று ஒரு புரோகிராம் உண்டு. எந்தெந்த மாடலோடு அது பேசும் என்ற பட்டியலை அச்சடித்து வைத்திருக்கிறேன். கடையில் என்ன மாடல்கள் இருக்கின்றன என்று எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

சொர்ணாவுக்கு மூன்று வயது முடியப்போகிறது, காது இன்னும் மூளிதான். ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

அன்புடன்,
அரசி


விருத்தாசலம்
4.3.2004

அன்புள்ள அரசிக்கு,

பெட்டி எழுந்துவிட்டது! நான் தாளைப் படிக்கப் படிக்க உன் அண்ணன் தட்டினார். பாஸ்வேர்டு வந்ததும் எனக்குத் தயக்கம். "மண்ணாங்கட்டின்னு போட்டிருக்குது" என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் ஸ்பெல்லிங் சொல்வதற்குள் தட்டி முடித்துவிட்டார். நீ களிமண்ணில் விழுந்து புரண்ட வயசில் அவர் உன்னை அப்படித்தான் கூப்பிடுவார் என்று உன் அம்மா எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். திரையில் என்னென்னமோ ஓடி முடிகிற வரைக்கும் மனுஷர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தார். கேட்டால் கொட்டகையில் தூசி என்பார், அதனால் கேட்கவில்லை.

அடுத்த நாள் கடைவீதியில் தர்மராஜ் கடைக்குப் போனோம். "லினக்ஸா?" என்று அவர் ஏதோ தொற்றுநோய் பேரைக் கேட்ட மாதிரி பார்த்தார். "ஏங்க இந்தத் தொந்தரவு? விண்டோஸ் போட்டுக்குங்க, யூ.பி.எஸ்.ஸு நான் தரேன், சாப்ட்வேரும் சேர்த்துப் போட்டுத் தரேன்" என்கிறார். உன் அண்ணன், "இருக்கறதே நல்லாத்தான் ஓடுது" என்று சொல்லிவிட்டு மூன்று மாடல் பேரை எழுதி வாங்கிக்கொண்டார். இத்துடன் வைத்திருக்கிறேன்.

இன்னும் சில சந்தேகங்கள். பழைய பெரிய மானிட்டரையும் சேர்த்து அறுநூறு வி.ஏ. யூ.பி.எஸ். தாங்குமா, அல்லது மானிட்டரை வெளியே விட்டுவிடலாமா? நம் ஜெனரேட்டரின் அலைவெண் நாற்பத்தேழுக்கும் ஐம்பத்திரண்டுக்கும் நடுவில் ஏறி இறங்குகிறது. அதைக் கரண்டாகவே மதிக்காமல் யூ.பி.எஸ். பேட்டரியிலேயே நின்றுகொண்டால் என்ன செய்வது? போன கரண்ட் திரும்பி வந்ததும் பெட்டி தானாக எழுந்து எழுத ஆரம்பிக்குமா, ஆள் போய்ப் பொத்தானை அழுத்தவேண்டுமா?

இதெல்லாம் எனக்கே தோன்றிய சந்தேகங்கள்தான். சிரிக்காதே.

உன் அண்ணி,
கமலம்


கோயம்புத்தூர்
11.3.2004

அன்புள்ள அண்ணிக்கு,

அலைவெண் நாற்பத்தேழு, ஐம்பத்திரண்டு என்று கண்டுபிடித்திருக்கிறீர்களே, கல்யாணமாகி வந்த புதிதில் மிக்சி ஓடினாலே வாசலுக்குப் போய்விடுவீர்கள்! நான் சிரிக்கவில்லை. கேட்டவருக்கே பதில் எழுதுவதாக நினைத்து, கவனமாக எழுதுகிறேன்.

மூன்று மாடலில் முதலாவது வேண்டாம், கேபிள் இடமே கிடையாது. மூன்றாவது, 'கரண்ட் போச்சு', 'பேட்டரி தீரப்போகுது' என்று இரண்டு சமாசாரம்தான் சொல்லும். இரண்டாவது வாயாடி. பேட்டரி எத்தனை சதவீதம், எவ்வளவு சுமை, உள்ளே வரும் வோல்டேஜ் என்ன, எல்லாம் சொல்லும். 'நட்' பட்டியலிலும் இருக்கிறது. அதையே வாங்குங்கள். ஜெனரேட்டர் முரடாக இருந்தால் ஒத்துக்கொள்ளும்படி அதைப் பழக்கவும் முடியும், எப்படி என்று இத்துடன் அனுப்பும் சிடியில் எழுதியிருக்கிறேன். மானிட்டரை வெளியே விடுங்கள். கரண்ட் இல்லாதபோது படம் பார்க்க யாரும் இல்லை. பிரிண்டரை அதில் செருகவே கூடாது. கரண்ட் வந்ததும் பெட்டி தானாக எழுவதற்கு ஒரு அமைப்பு உண்டு, அதையும் எழுதியிருக்கிறேன்.

வாங்கும்போது நம் பெட்டியைக் கடைக்கே கொண்டுபோய், சிடியைப் போட்டு, கடைக்காரர் எதிரிலேயே யூ.பி.எஸ்.ஸின் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். பெட்டி தானாக அணைந்தால்தான் வாங்கவேண்டும்.

இனி மூன்றாம் பக்கம். கேபிள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. யூ.பி.எஸ். டப்பாவோடு வருகிற கேபிளைத்தான் செருகவேண்டும். பார்ப்பதற்கு அதேபோல இருக்கும் சாதாரணக் கேபிளைப் போட்டால், கம்ப்யூட்டர் எழுந்து எட்டிப் பார்த்ததுமே 'அணைந்துவிடு' என்று சொன்னதாக நினைத்துக்கொண்டு யூ.பி.எஸ். மொத்தமாக அணைந்துவிடும்.

அண்ணி, இதையும் அண்ணனிடம் எனக்காகக் கேளுங்கள். சொர்ணாவுக்குக் காது குத்தவேண்டும். ஜெயராஜ் வீட்டிலும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அவர்களிடம் எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவோம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். தாய்மாமன் எங்கே என்றுதான் யாரும் கேட்கவில்லை, பெரிய மனுஷர்கள். அம்மா பேரை வைத்திருக்கும் பிள்ளை அண்ணா. ஒரே ஒரு நாழிகை மடியில் வைத்துக்கொண்டால் போதும். அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கமாட்டேன். பேசக்கூட வேண்டாம்.

'அண்ணா' என்று எழுதிவிட்டேன் பாருங்கள். அடிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.

அன்புடன்,
அரசி


விருத்தாசலம்
1.4.2004

அன்புள்ள அரசிக்கு,

நல்ல சேதியோடு எழுத நினைத்தேன், முடியவில்லை.

கடையில் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. டி.வி.எஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனேன், வேகத்தடை ஒவ்வொன்றுக்கும் கொளஞ்சியப்பா, கொளஞ்சியப்பா என்றுகொண்டே. தர்மராஜ் எதிரிலேயே பிளக்கைப் பிடுங்கினார் உன் அண்ணன். நீ சொன்ன மாதிரியே பெட்டி தானாக மூடிக்கொண்டது. தர்மராஜே, "அட, இதுவும் செய்யுதே!" என்றார். உன் அண்ணன் முகத்தைப் பார்க்கவேண்டுமே, ஏதோ தானே பெற்ற பிள்ளை பாட்டுப் போட்டியில் ஜெயித்த மாதிரி.

வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தால் பெட்டியைப் போட்டவுடன் யூ.பி.எஸ். பட்டென்று அணைகிறது. பத்து முறை போட்டார், பத்து முறையும் அப்படியே. நேற்று ராத்திரி சூளை எரிந்ததற்குக் கிராப் இல்லை. காலையில் கத்தினார்: "நம்பி நம்பி ஏமாந்ததுதான் மிச்சம். லினக்ஸும் வேணாம் ஒண்ணும் வேணாம். திங்கக்கெழம தர்மராஜ் ஆளு வந்து விண்டோஸ் போட்டுட்டுப் போவட்டும்." பெட்டியைத்தான் சொல்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அதைத் துடைத்துப்போட்டால் உன் புரோகிராமும் போய்விடுமாமே. அப்புறம் உனக்கு எழுத எனக்கு என்ன சாக்கு இருக்கிறது?

காது குத்தும் விஷயத்தை நான் இன்னும் கேட்கவில்லை அரசி. அந்த மூன்றாம் பக்கத்தை மட்டும் எடுத்து அரிசி டின்னுக்கு அடியில் வைத்துவிட்டு மற்றதைத்தான் அவரிடம் கொடுத்தேன். யூ.பி.எஸ். ஓட ஆரம்பித்து மனசு குளிர்ந்திருக்கும் வேளையில் கொடுக்கலாம் என்று இருந்தேன்.

பயத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு, உன்னிடம் சொன்னதில்லை. உனக்குக் கல்யாணமான அதே வாரம் இவர் மணவாளநல்லூர் போய்க் கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டிவிட்டு வந்தார். நம் ஊர்க்காரிக்கு நான் விளக்கவேண்டியதில்லை. மனுவாக எழுதி, பேர் ஊர் எல்லாம் போட்டு, சாமி முன்னால் கட்டிவிட்டால் அது வழக்கு. மாப்பிள்ளை பேரைப் போட்டிருந்ததை மட்டும் பார்த்தேன். என்ன கேட்டார் என்று இன்றுவரை சொன்னதில்லை. கட்டியவரே போய் வாபஸ் வாங்குகிறவரைக்கும் அது நிலுவையில்தான் இருக்கும். அப்படி ஒரு மனு கிடக்கும்போது உங்களை எப்படி வாருங்கள் என்பார் என்று எனக்குள் ஒரு உறுத்தல்.

திங்கட்கிழமைக்குள் ஏதாவது வழி இருந்தால் சொல்.

கமலம்


கோயம்புத்தூர்
3.4.2004
(கூரியரில்)

அண்ணிக்கு,

அரிசி டின்னுக்கு அடியில் இருக்கும் பக்கத்தை எடுத்துப் படியுங்கள். கேபிளைப் பற்றி அதில்தான் எழுதியிருந்தேன். எந்தக் கேபிளைச் செருகினார்?

விண்டோஸ் போடவேண்டுமென்றால் போட்டுக்கொள்ளட்டும். ஆனால் தவறு லினக்ஸுடையது இல்லை என்று தெரிந்துகொண்டு போடட்டும்.

பிராது விஷயம் தெரிந்ததும் நல்லதாயிற்று. என் புருஷன்மேல் சாமியிடமே வழக்குப் போட்டவர் மடியில் என் பிள்ளையை உட்காரவைக்கக் கெஞ்சினேனே, எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஜெயராஜ் இந்த ஐந்து வருஷத்தில் அண்ணனைப் பற்றி ஒரு குறை சொன்னதில்லை அண்ணி, ஒன்று கூட. நான்தான் சொல்வேன், அவர்தான் அடக்குவார்.

மே 23 ஞாயிறு அன்று ஜெயராஜின் அத்தான் மடியில் வைத்துக் குத்திவிடுகிறோம். நீங்கள் வருத்தப்படாதீர்கள். உங்களால் முடிந்ததற்கு மேலேயே செய்துவிட்டீர்கள்.

அரசி


விருத்தாசலம்
20.4.2004

அன்புள்ள அரசிக்கு,

நீ திட்டியது சரிதான், எனக்கு வேண்டும். உன் கூரியர் திங்கட்கிழமை காலையில் வந்தது. தர்மராஜ் ஆள் பத்து மணிக்கு வருவதாக ஏற்பாடு. டின்னைத் தள்ளி, பக்கத்தை எடுத்து, அரிசிப் பொடியைத் தட்டி, அவர் கையில் கொடுத்துவிட்டேன். பாதியைக் கிழித்துக் கொடுக்கலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. கொடுக்கிறதை முழுசாகக் கொடுப்போம் என்று கொடுத்துவிட்டேன்.

அவர் கொட்டகைக்கு எடுத்துப் போனார். நடந்தது இதுதான். டப்பாவில் வந்த கேபிள் குட்டை. தரை ஈரம் படும் என்று யூ.பி.எஸ்.ஸை இவர் அந்தப் பக்கத்துக் கல்மேடையில் வைத்திருந்தார். எட்டவில்லை. பழைய மோடத்தின் நீளக் கேபிள் கிடந்தது, முனை ஒரே மாதிரி இருந்தது, செருகிவிட்டார். ஒரு மணி நேரம் ஆளைக் காணோம். போய்ப் பார்த்தால் கம்ப்யூட்டர் மேஜையையே தனியாக இழுத்துக் கல்மேடைக்கு ஒட்டிப் போட்டுக் குட்டைக் கேபிளைச் செருகிவிட்டு, கையில் வாட்சோடு நிற்கிறார். "பதினோரு நிமிசம் நின்னுது கமலம். அப்புறம் தானா மூடிக்கிச்சு. மெயினப் போட்டேன், தானா எந்திரிச்சுது!" அடுத்த இரண்டு நாளில் இன்னும் மூன்று தடவை பிடுங்கிப் பார்த்தார். அன்று வந்த தர்மராஜ் ஆளுக்கு டீ கொடுத்து அனுப்பிவைத்தோம்.

பக்கத்தின் மறுபாதியில் இருந்த காதுகுத்தைப் பற்றி இரண்டு நாள் கழித்து நானே வாயைத் திறந்தேன். மே இருபத்துமூன்று என்று சொன்னேன். "எங்க வெக்கறாங்களாம், கோயில்லயா, சர்ச்சுலயா?" என்றார். எனக்கு எரிச்சல் வந்து, "எங்க வெச்சாலும் ஒங்க மடியில இல்ல" என்று சொல்லிவிட்டேன். அன்று அவர் சாப்பிடவில்லை.

அந்தப் பக்கம் அவர் சட்டைப்பையில்தான் இருக்கிறது. துவைக்கப் போடும்போது எடுத்துவிட்டு, மறுபடி வேறு சட்டையில் வைத்துக்கொள்கிறார்.

இப்போது ஒரு புதுச் சந்தேகம், உன்னிடம் கேட்டு எழுதச் சொன்னார். ஆமாம், இந்த முறை வாயைத் திறந்தே சொன்னார். தினம் மத்தியானம் மூன்று மணி சுமாருக்கு யூ.பி.எஸ். தானாகப் பேட்டரிக்குப் போய், பீப் என்று கத்திவிட்டுத் திரும்புகிறதாம். கரண்ட் போகவே இல்லையாம். பத்து நாளாக இப்படியாம். என் காதில் அந்தச் சத்தம் விழுந்ததில்லை, நான் அந்த நேரம் தூங்குகிறேனோ என்னவோ. யூ.பி.எஸ். பற்றிக் கம்ப்யூட்டர் தினம் எழுதும் குறிப்பு உனக்கு உதவும் என்று நானாகப் பத்து நாளைக்கும் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன். பிரிண்ட் எடுக்கக் கற்றுக்கொண்டேன், தெரியுமா?

கோபம் ஆறினால் எழுது.

கமலம்


கோயம்புத்தூர்
28.4.2004

அன்புள்ள அண்ணிக்கு,

கோபம் ஆறிவிட்டது. கோபப்படுகிறேனே தவிர அதை வைத்துக் காப்பாற்றத் தெரிவதில்லை.

நீங்கள் அனுப்பிய பத்து நாள் குறிப்பையும் வரிவரியாகப் பார்த்தேன். ஐந்து நொடிக்கு ஒரு முறை கேட்டு, பேட்டரிக்குப் போனால் உடனேயும் மற்றபடி மணிக்கு ஒரு வரியும் எழுதும்படி அமைத்திருக்கிறேன். பீப் போட்டால் பதிவாகாமல் போகாது. மூன்று மணிக்கு மட்டும் இல்லை, எந்த மணிக்கும் ஒன்றும் இல்லை. பேட்டரி நூறு, வோல்டேஜ் இருநூற்று இருபத்தெட்டு, இருநூற்று முப்பது. இவ்வளவு ஆரோக்கியமான யூ.பி.எஸ்.ஸை நான் வேலை பார்க்கும் இடத்திலேயே பார்த்ததில்லை.

அண்ணி, அதில் கோளாறே இல்லை. ஐந்து வருஷமாகச் சூளைக் கிராப்பைப் பார்த்தே எந்த லாட் விரிசல் விடும் என்று சொல்லுகிறவர், இந்தப் பெட்டியும் நாள்குறிப்பு எழுதும் என்பதை மறந்துவிட்டார். இல்லாத கோளாற்றுக்கு என்னிடம் வைத்தியம் கேட்டிருக்கிறார். படித்துவிட்டு நான் அழுதேன், மறைப்பானேன். அவருக்கு என்னோடு பேச வேறு விஷயம் அகப்படவில்லை.

அதனால் நானும் ஒரு பொய்க்கு ஒரு பொய் சொல்கிறேன். அவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: இந்த மாதிரிக் கோளாற்றைக் கடிதத்தில் தீர்க்க முடியாதாம், நேரில் பார்க்கவேண்டுமாம். மே 9 ஞாயிறு காலையில் வருகிறேன். சாயங்காலமே கிளம்பிவிடுவேன். ஜெயராஜை அழைத்துவரவில்லை, சொர்ணாவையும் அவரிடமே விட்டுவிட்டு வருகிறேன். அண்ணனுக்கு எந்தச் சங்கடமும் வேண்டாம். "நீ மட்டும் போய்ப் பார்த்துட்டு வா, அது போதும்" என்று ஜெயராஜே சொல்லிவிட்டார். வேண்டாம் என்றால் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். வரி வராவிட்டால் வருவேன்.

மே 23 அப்படியேதான் இருக்கிறது. அதை மாற்றும்படி நான் கேட்கமாட்டேன்.

அன்புடன்,
அரசி


விருத்தாசலம்
3.5.2004

அரசிக்கு,

மாணிக்கவேல் எழுதுவது. உன் கடிதத்தைக் கமலம் இன்று காலை என்னிடம் கொடுத்தாள். வர வேண்டாம். 9ஆம் தேதி நீ தனியாக வர வேண்டாம். இதை முதலில் எழுதிவிட்டு மற்றதை எழுதுகிறேன். காரணம் சொல்லாமல் விட்டால் தப்பாக நினைப்பாய்.

யூ.பி.எஸ்.ஸில் கோளாறு இல்லை. நான் சொன்னது பொய். பெட்டி எழுதி வைக்கும் என்பது எனக்குத் தெரியும். கமலம் அதைப் பிரிண்ட் எடுத்து அனுப்புவாள் என்பதுதான் தெரியாது. எல்லாம் சரியாகிவிட்டது என்றால் இவள் உனக்கு எழுத ஒன்றும் இருக்காதே என்று சொல்லிவிட்டேன்.

பிராதில் நான் என்ன எழுதினேன் என்று நீங்கள் இரண்டு பேரும் ஆளுக்கு ஒன்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஜெயராஜுக்குக் கேடு வரவேண்டும் என்று எழுதவில்லை. அவ்வளவு கெட்டவன் இல்லை நான். 'மேற்படியான் கூட்டிக்கொண்டு போன என் தங்கை அன்புக்கரசி அவனை விட்டுத் தனியாக என் வீட்டுக்குத் திரும்பி வரவேண்டும்' என்று எழுதினேன். மூன்று மாதத்தில் தீர்ப்பு ஆகும் என்பார்கள். ஆகவில்லை. ஒரு வருஷத்தில் என் கோபம் போய்விட்டது. உனக்குக் குழந்தை பிறந்தது என்று கமலம் சொன்ன அன்றைக்கே வாபஸ் வாங்கியிருக்கவேண்டும். ஊரில் நாலு பேரிடம் சொல்லிவிட்டுக் கட்டிய பிராது. தோற்றுப்போய் வாபஸ் வாங்கினான் என்பார்களே என்று வெட்கம். அப்படியே விட்டுவிட்டேன்.

விட்டதும் பயம் பிடித்துக்கொண்டது. மனு அங்கே கிடக்கிறது. நீ எப்போது இந்த வாசலில் வந்து நின்றாலும் அது பலித்தது என்று ஆகிவிடுமே. நீ வந்தால் உன் வாழ்க்கை போய்விட்டது என்று அர்த்தம். இத்தனை வருஷம் உன்னைக் கூப்பிடாமல் இருந்ததற்கு முதல் வருஷம் கோபம் காரணம். மற்ற வருஷமெல்லாம் இதுதான். யாரிடம் சொல்வது? கமலத்திடம் சொன்னால் சிரிப்பாள். சிரிக்கத்தான் செய்தாள், இன்று மத்தியானம் சொன்னேன். சிரித்துவிட்டு, அப்புறம் என்னை அடிக்காத குறைதான்.

உன் கடிதத்தில் 'ஜெயராஜை அழைத்துவரவில்லை, சொர்ணாவையும் விட்டுவிட்டு வருகிறேன்' என்று படித்தேன். நான் மனுவில் எழுதிய மாதிரியே வருகிறாய். வண்டியை எடுத்துக்கொண்டு மணவாளநல்லூர் போனேன். வாபஸ் வாங்கிவிட்டேன். மனுவைக் கட்டியவன் நான்தான், அது பிழை, எனக்குத் தங்கையும் வேண்டும், மாப்பிள்ளையும் வேண்டும் என்று சத்தமாகவே சொன்னேன். பக்கத்தில் நின்றவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

கோயிலா சர்ச்சா என்று கமலத்திடம் கேட்டது உண்மையில் இடம் தெரிந்துகொள்ளத்தான். என் வாயில் வரும்போது அது வேறு மாதிரி வந்துவிடுகிறது. எங்கே வைத்தாலும் எனக்குச் சம்மதம். இங்கே நம் வீட்டிலேயே வைக்கலாம் என்றால் நான் பந்தல் போடுகிறேன். மாப்பிள்ளை வீட்டார் எல்லோரையும் நானே கோயம்புத்தூர் வந்து அழைக்கவேண்டும், அதுதான் முறை. அவரிடம் நான் நேரில் சொல்லவேண்டியதும் இருக்கிறது. 8ஆம் தேதி காலை அங்கே வருகிறோம், நானும் கமலமும்.

உன் பிள்ளை புது ஆளைக் கண்டால் அழுவாளா? அழுதாலும் பரவாயில்லை, காது குத்தினால் எப்படியும் அழத்தான் போகிறாள்.

9ஆம் தேதி நாம் ஐந்து பேருமாகச் சேர்ந்து இங்கே வருவோம். சாமி என் வாபஸை இன்னும் பதிவு செய்திருக்குமோ இல்லையோ, அதற்குள் நீ மட்டும் தனியாகப் பஸ் ஏறிவிடாதே.

அண்ணன்,
மாணிக்கவேல்